பேசிக்கிட்டே இருங்க

— தோளை ஆட்டாதீங்கண்ணே. தலையைத்தான் இறுக்கி வச்சிருக்கே, தோள்தானேன்னு நினைக்காதீங்க.

— தலையை ஆட்டாதேன்னு இத்தனை வருஷமா ஊருக்கே சொல்லிக்கிட்டிருந்தவன் நான். இன்னைக்கு நம்ம தலைக்கே அந்த யோகம். சொல்லுங்க சின்ன டாக்டரம்மா, திறந்தாச்சா?

— திறந்தாச்சு. தூங்க வச்சுத் திறந்தோம். இப்ப எழுப்பியிருக்கோம். வலிக்குதா?

— வலி இல்ல. கன்னத்துப் பக்கம் யாரோ இழுத்துப் பிடிச்ச மாதிரி இருக்கு, அவ்வளவுதான். மூஞ்சிக்கு முன்னால பச்சைத் துணியில கூடாரம் போட்டு வச்சிருக்கீங்க. கூடாரத்துக்குள்ள நீங்களும் நானும் மட்டும்தானா? பெரிய டாக்டரம்மா எங்க?

— துணிக்கு இந்தப் பக்கம் இருக்கேன். உங்க தலைக்குப் பின்னால. நான் அதிகம் பேச மாட்டேன். நீங்கதான் பேசணும்.

— அது ஒண்ணுதான் பாருங்க, நமக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டாத வேலை.

— நேத்து வார்டுல சொன்னது ஞாபகம் இருக்காண்ணே? உங்க கட்டி, பேச்சு இருக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கு. எது வரைக்கும் கட்டி, எதுலேர்ந்து பேச்சுன்னு கண்ணால பாத்தா பாதிதான் தெரியும். நீங்க பேசிக்கிட்டே இருந்தாத்தான் மேடம் தைரியமா எடுக்க முடியும். பேச்சு தடுமாறினா நான் நிறுத்துங்கன்னு சொல்லுவேன். மேடம் உடனே கையை எடுத்துருவாங்க.

— ஆக, உங்க வாயிலதான் என் வாய் இருக்கு.

— அப்படித்தான் வச்சுக்கங்களேன்.

— கதை போதும். படத்தைக் காட்டு.

— சரி மேடம். அண்ணே, இந்த அட்டையைப் பாருங்க. 'இது ஒரு'ன்னு ஆரம்பிச்சுப் பேரைச் சொல்லணும்.

— இது ஒரு குடை.

— இது?

— இது ஒரு கடிகாரம். ஓடாத கடிகாரம். முள்ளு ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு நிக்குது.

— பேரை மட்டும் சொன்னா போதும். இது?

— இது ஒரு நாற்காலி.

— இது?

— இது ஒரு… இது… இ…

— நிறுத்துங்க மேடம்!

— எடுத்துட்டேன். இப்பக் கேளு.

— அண்ணே, இது என்ன?

— சாவி! சாவி, சாவி. அட, என்ன கூத்து இது? வார்த்தை நாக்கு நுனியில வந்து நிக்குது, வாய் கதவைச் சாத்திக்கிச்சு.

— பயப்படாதீங்க. மேடம் அந்த இடத்துல லேசா கரண்ட் குடுத்துப் பாத்தாங்க. தொட்டதும் நின்னுது, எடுத்ததும் வந்துருச்சு. அப்ப அது பேச்சு இருக்கிற இடம்னு அர்த்தம். அது மேல ஒரு துண்டுக் காகிதம் வச்சு அடையாளம் பண்ணிக்கிறாங்க. இனி அங்க போக மாட்டாங்க.

— நல்லா அமுக்கி வைங்கம்மா. ஃபேன் காத்துல பறந்துடப் போகுது.

— இங்க ஃபேன் கிடையாது. அடுத்த படம்.

— பெரிய டாக்டரம்மாவுக்குச் சிரிப்பே வராதா?

— வரும்ணே. ஆபரேஷன் முடிஞ்சதும் வரும். இது என்ன?

— இது ஒரு மீனு. இது ஒரு ஏணி. இது ஒரு… இரு, இரு, வருது… தொப்பி. இப்ப கரண்டு குடுக்கலியே? அது நானா தடுமாறினது. அந்தப் படத்தை வரைஞ்சவனுக்குத் தொப்பிக்கும் தட்டுக்கும் வித்தியாசம் தெரியலை.

— மேடம், அது சரிதான். அவர் யோசிச்சதுதான், தடை இல்ல.

— தெரியுது. படம் போதும். எல்லை பிடிச்சாச்சு. இனிமே கட்டியை எடுக்கப் போறேன். அவரைப் பேச வை. தொடர்ச்சியாப் பேசணும். அவர் பேசணும், நீ இல்ல. புரியுதா?

— புரியுது மேடம். அண்ணே, உங்க சலூனைப் பத்திச் சொல்லுங்க.

— என்ன சொல்ல? மூணு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, ரேடியோ ஒண்ணு. நாற்காலியில ஒண்ணு சுத்தாது. வாடிக்கையாளருங்களுக்கு எது சுத்தாதுன்னு தெரியும், அதுல புதுசா வர்றவனைத்தான் உக்கார வைப்பாங்க. நம்ம தொழில்ல கத்தரிக்கோல் பாதி, வாய் பாதி. வாய் இல்லேன்னா முடி வெட்டலாம், ஆனா ஆள் மறுபடி வர மாட்டான். அதான் பெரிய டாக்டரம்மாகிட்ட முதல் நாளே சொன்னேன், கால் இழுத்தாலும் பரவாயில்ல, பேச்சை மட்டும் தொட்டுராதீங்கன்னு. கால் இழுத்தா நாற்காலி போட்டு உக்காந்து வெட்டிக்குவேன். என்னது அது, உர்ர்னு ஒரு சத்தம்?

— உறிஞ்சுற குழாய். கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சி எடுக்கிறாங்க. நீங்க பேசுங்க.

— கிளாஸ் அடியில ஜூஸ் தீர்ந்து போனா வர்ற சத்தம் மாதிரி இருக்கு. சரி, ஒண்ணு கேக்கட்டா? தப்பா நினைக்கக் கூடாது.

— கேளுங்க.

— நேத்து முடி எடுக்க வந்தப்ப நீங்க ரெண்டு பேரும் தொப்பி இல்லாம நின்னீங்க. கண்ணு தானாப் போயிருச்சு, தொழில் புத்தி. ரெண்டு பேருக்கும் பிடரியில முடி இடது பக்கமா ஒரே மாதிரி சுழிச்சு இறங்குது. அந்த மாதிரி ரெண்டு பிடரி ஒண்ணா நம்ம கடைக்கு வந்தா, அப்பனும் பிள்ளையுமாத்தான் இருக்கும்.

— மேடம்…

— என்னை ஏன் பாக்கறே? பேச வை.

— அப்ப சரியாத்தான் சொல்லியிருக்கேன். பெத்த தாயையா மேடம்னு கூப்பிடறே பாப்பா?

— ஆஸ்பத்திரிக்குள்ள மேடம்தான்ணே. அதுதான் ஒழுங்கு.

— வீட்டுல?

— வீட்டுல அம்மா. ஆனா வீட்டுல பாக்கறதே அபூர்வம்.

— அவர் பேசணும்னு சொன்னேன்.

— சரி மேடம். அண்ணே, உங்க பிள்ளைங்க?

— ஒரே பையன். கத்தரியைத் தொட மாட்டேன்னுட்டான். லாரி ஓட்டறான். நாலு வருஷம் நானும் அவனும் முகம் குடுத்துப் பேசிக்கலை. இவ்வளவு பேசற வாய், பெத்த பிள்ளைகிட்ட மட்டும் பூட்டு. அப்புறம் ஒருநாள் கடைக்கு ஒரு லாரிக்காரர் வந்து உக்காந்தார். பேச்சுவாக்குல, மலைப்பாதையில வண்டி ஓட்டறதுல இன்ன பையன் மாதிரி ஒருத்தன் கிடையாதுன்னார். நம்ம பையன். நான் வாயைத் திறக்கலை. ஆனா அன்னைக்கு அவருக்குத் தலையில எண்ணெய் தேய்ச்சு, கழுத்தைப் பிடிச்சுவிட்டு, ராஜா மாதிரி அனுப்பி வச்சேன். அவருக்கு ஏன்னே தெரியாது.

— பையன்கிட்ட சொன்னீங்களா?

— நேத்துதான் சொன்னேன். இங்க வந்து படுத்த பிறகு. அவன் அழுதான், நான் அழுதேன், அவங்கம்மா ரெண்டு பேரையும் திட்டினா. வெளிய பெஞ்சுல ரெண்டு பேரும்தான் உக்காந்திருப்பாங்க. உனக்கு என்ன கதை பாப்பா? படிப்பு முடிஞ்சுதா?

— டாக்டர் படிப்பு முடிஞ்சுது. இனி எந்தத் துறைன்னு முடிவு பண்ணணும். இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லியாகணும்.

— என்ன துறை?

— ரெண்டு துறையில இடம் கிடைச்சிருக்கு. ஒண்ணு தோல். இன்னொண்ணு இது. மூளை ஆபரேஷன்.

— தோல்னா பரு, படை, தேமல். அஞ்சு மணிக்குக் கடையைச் சாத்திட்டு வீட்டுக்குப் போயிரலாம். இதுன்னா?

— இதுன்னா வீட்டையே சாத்திர வேண்டியதுதான்.

— பெரிய டாக்டரம்மா என்ன சொல்றாங்க?

— காலையில கார்ல வரும்போது கேட்டேன். வேண்டாம்னாங்க. ஒரே வார்த்தை. ஏம்மான்னேன், சிக்னல் விழுந்துருச்சு, வண்டியை எடுத்துட்டாங்க. எனக்குக் கை போதாதுன்னு நினைக்கிறாங்க போல.

— இடது மேல் ஓரத்துக்கு வந்துட்டேன். இனி அடையாளக் காகிதத்துக்குப் பக்கத்துல. கவனமாக் கேளு.

— சரி மேடம். அண்ணே, நீங்க பேசுங்க. நிறுத்தாதீங்க.

— பேசறேன், பேசறேன். பேசறதுக்கு விஷயம் வேணுமில்ல? உன்கிட்டயே கேக்கறேன். இதுக்கு மட்டும் பட்டுன்னு பதில் சொல்லு. உனக்குத் தலை மேல ஆசையா, அம்மா மேல ஆசையா?

— என்னண்ணே கேள்வி இது?

— நேர்க் கேள்வி. என் பையன் லாரி மேல ஆசைப்பட்டானா, என்னைவிட்டு ஓடணும்னு ஆசைப்பட்டானான்னு நாலு வருஷம் குழம்பினவன் நான். லாரி மேலதான். அது தெரிஞ்ச அன்னைக்குத்தான் எனக்குத் தூக்கமே வந்தது. நீ சொல்லு.

— எனக்கு… சின்ன வயசுலேர்ந்து சொல்லணும் அதுக்கு.

— ம். சொல்லு.

— சாப்பாட்டு மேஜையில எதிர்ல உக்காந்திருப்பாங்க. நான் ஸ்கூல்ல நடந்ததை ஒண்ணு விடாம சொல்லுவேன். அம்மா சுவத்தையே பாத்துக்கிட்டு, தட்டுல விரலால கோடு போட்டுக்கிட்டு இருப்பாங்க. காலையில திறந்த தலையோ, நாளைக்குத் திறக்கப் போற தலையோ. நான் என்ன சொன்னாலும் 'ம்'னுவாங்க.

— ம். அப்புறம்?

— ஒருநாள் சோதிச்சுப் பாத்தேன். அம்மா, நான் இன்னைக்கு மாடியிலேர்ந்து குதிச்சேன்னு சொன்னேன். ம்னாங்க. அம்மா, நாம ஒரு யானை வாங்கலாமான்னேன். ம். பாத்ரூம்ல கட்டிப் போட்டுக்கலாமான்னேன். அதுக்கும் ம். அப்பா சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிட்டார். நானும் சிரிச்சேன். அப்புறம் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். யானைக்குச் சம்மதம் குடுத்தவங்களுக்கு, நான் அழுதது தெரியாது.

— ம்.

— டாக்டருக்குப் படிக்கும்போது ஒருநாள் இந்தத் தியேட்டருக்கு வேடிக்கை பாக்க விட்டாங்க. இதே மாதிரி ஒருத்தர் விழிச்சுக்கிட்டுப் படுத்திருந்தார். ஏதோ முணுமுணுன்னு பேசிக்கிட்டிருந்தார், பக்கத்துல நின்ன எனக்கே புரியலை. துணிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து அம்மா, 'இப்ப ஒரு எழுத்து வழுக்குச்சு, யாரும் கவனிக்கலையா'ன்னாங்க. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. வீட்டுல முழுக் கதை சொன்னாலும் விழாத காதுண்ணே. இங்க ஒரு எழுத்துக்கு விழுது.

— ம்.

— அன்னைக்கு முடிவு பண்ணினேன். வந்தா இந்த ரூமுக்குத்தான் வரணும்னு. இப்ப நீங்க கேட்டதும்தான்… ஆமாண்ணே. அம்மா மேலதான் போல இருக்கு. இங்க வந்து நின்னா நான் பேசறதும் அந்தக் காதுல விழும்னு நினைச்சிருக்கேன். மேடம் கேட்டுக்கிட்டிருக்காங்க, கேக்கட்டும். எனக்கு ரெண்டு 'ம்' தெரியும். கேக்கற ம், கேக்காத ம். கேக்கற ம் கொஞ்சம் தாமதமா வரும், சொன்னது உள்ள போயிட்டு வர நேரம் வேணுமில்ல? கேக்காத ம் அப்படி இல்ல. நாம சொல்லி முடிக்கிறதுக்கு…

— ம்.

— …முன்னாலயே வந்து நிக்கும். குரல்ல ஏத்தம் இறக்கம் எதுவும்…

— ம்.

— …அண்ணே?

— ம்.

— அண்ணே, நான் இப்ப என்ன சொன்னேன்?

— ம்.

— உங்க பையன் என்ன வேலை பாக்கறான்?

— ம். ம்.

— நிறுத்துங்க மேடம்!

— ம் சொல்றாரே. பதில் வருதே.

— இது பதில் இல்ல. பேச்சு நின்னு போச்சு.

— ஓரத்துல இன்னும் நகக்கண் அளவுதான் இருக்கு. ஒரே ஒரு நிமிஷம்…

— ஒரு நிமிஷமும் இல்ல. அம்மா, கையை எடு!

— எடுத்துட்டேன். எடுத்துட்டேன். சில்லுன்னு தண்ணி குடுங்க, மூளை மேல ஊத்தறேன். குழாயை நிறுத்துங்க, எனக்கு அவர் குரல் கேக்கணும். எப்பலேர்ந்து இப்படி?

— அண்ணே, என்னைப் பாருங்க. கண்ணைப் பாருங்க. பயப்படக் கூடாது, சரியா? நாங்க எல்லாத்தையும் நிறுத்திட்டோம். யாரும் எதையும் தொடலை. என் விரலைப் பிடிங்க.

— கை அசையுதா? வலது கை?

— இறுக்கிப் பிடிங்க. அப்படித்தான். இந்தக் கையால எத்தனை தலை வெட்டியிருப்பீங்க, இன்னும் இறுக்கலாம். நான் சொல்றது புரியுதுன்னா ஒரு தடவை அமுக்குங்க. புரியுது. உங்களுக்குப் புரியுது.

— நான் கேக்கறேன், வலது கை அசையுதா? வாய் கோணுதா? வலிப்பா இருந்தா உடனே மருந்து குடுக்கணும்.

— வார்த்தை வரலேன்னு தவிக்காதீங்கண்ணே. தேட வேண்டாம். எதையும் தேடாதீங்க. நாம ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணுவோம். எண்ணுறதுக்கு யோசிக்கவே வேண்டாம், அது தானா வரும். ஒண்ணு. ரெண்டு. மூணு. ஒண்ணு. ரெண்டு…

— குட்டிம்மா.

— …மூணு. என் வாயைப் பாருங்க. ஒண்ணு. ரெண்டு. கண்ணுல தண்ணி வருது, வரட்டும், நான் துடைக்கிறேன். ஒண்ணு…

— குட்டிம்மா, கேக்குதா? சொல்லு. நான் மருந்து குடுக்கவா வேண்டாமா?

— …ரெண்டு. மூணு…

— நா…

— நாலு! வருது. ரெண்டு பேரும். ஒண்ணு, ரெண்டு…

— மூ… மூணு. நாலு. அஞ்சு. ஆ… ஆறு.

— ஏழு.

— ஏழு. எட்டு. எட்டு. எட்டு.

— ஒன்பது.

— ஒன்பது. பத்து.

— பத்து! அட்டையைப் பாருங்க. இது என்ன? மெதுவா. அவசரமே இல்ல.

— இது ஒரு… கத்தி.

— இல்ல. இன்னொரு தடவை பாருங்க. தலையில வச்சு இழுப்போமே.

— கத்… கத்தி இல்ல. தெரியுது. கத்தி இல்ல. சீ… சீ…

— சொல்லுங்க.

— சீப்பு. சீப்பு. பல்லு போன சீப்பு. இதைக் கொண்டாந்து என்கிட்ட காட்டுறீங்களே, வெக்கமா இல்ல?

— வந்துருச்சு. அம்மா, வந்துருச்சு!

— கேட்டேன். இன்னும் பேச விடு. பையன் பேரைக் கேளு.

— பையன் பேரு சொல்லுங்கண்ணே.

— அவன் பேரை எதுக்கு இங்க? வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கான், போய்க் கேளு. லாரி ஓட்டறான். மலைப்பாதையில. போதுமா? பாப்பா, நான் போயிட்டு வந்தேன். நீ பேசறதெல்லாம் கேட்டுச்சு. யானை வரைக்கும் நல்லாக் கேட்டுச்சு. அதுக்கப்புறம் வார்த்தையெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு வாயை அசைக்குது. சொல்லணும்னு நினைக்கிறேன், என் வாய் 'ம்'ங்குது. கடையில அரைத் தூக்கத்துல வாடிக்கையாளருக்குப் போடற அதே ம். பழகின வாய், அதுபாட்டுக்குப் போட்டுக்கிட்டே இருக்கு. நான் உள்ள இருந்து கத்தறேன்.

— மன்னிச்சுருங்கண்ணே. நான் பேசியிருக்கக் கூடாது. உங்களைத்தான் பேச வச்சிருக்கணும்.

— நான்தானே கேட்டேன். கேட்டா கொட்டுவாங்க, அது நம்ம கைராசி. விடு.

— ஐயா, நான் பேசறேன். அந்த ஓரத்துல கொஞ்சம் மிச்சம் இருக்கு. அதை எடுக்கப் போனா பேச்சு நிரந்தரமாப் போகலாம். அதனால விட்டுடறேன். மாத்திரை குடுக்கலாம், கதிர்வீச்சு குடுக்கலாம். ஆனா திரும்ப வளராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.

— விட்டுருங்க டாக்டரம்மா. வளர்ந்தா வந்து உக்காந்துக்கறேன். வளர வளர வெட்டித்தானே நானும் சோறு தின்னேன்.

— இனி தூங்கலாம். மயக்க மருந்து குடுக்கச் சொல்றேன். முழிக்கும்போது தலை மூடியிருக்கும்.

— பாப்பா…

— இங்கதான் இருக்கேன்.

— கடைசில ஒண்ணு. தையல் போட்டதும் பக்கவாட்டு முடியை இழுத்து மூடிவிடச் சொல்லு. வழுக்கை மாதிரி தெரிஞ்சா… கடைக்கு… வர்றவன்…

— தூங்கிட்டாரா?

— தூங்கிட்டார். கை தளர்ந்துருச்சு.

— நீ போய்த் தண்ணி குடிச்சுட்டு வா.

— இருக்கேன்.

— நான் உன்னை நிறுத்தியிருக்கணும். நோயாளியைப் பேச வைக்க வந்த டாக்டர் தன் கதையைச் சொல்லிக்கிட்டிருந்தா, வேற யாரா இருந்தாலும் அடுத்த நிமிஷம் வெளிய அனுப்பியிருப்பேன்.

— தப்பு என்னோடதுதான். எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கறேன்.

— உன் தப்பு உனக்கு. அதை அப்புறம் பேசலாம். என் தப்பு வேற. துணிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ரெண்டு குரல் வந்துச்சு. நான் கேக்க வேண்டியது அவரோடது. உன்னோடதைக் கேட்டுக்கிட்டிருந்தேன்.

— அம்மா…

— மாடியிலேர்ந்து குதிச்சது, யானை, பாத்ரூம், கதவைச் சாத்திக்கிட்டு அழுதது. ஒரு வார்த்தை விடாமக் கேட்டேன். கை பாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டே இருக்கு, காது உன்கிட்ட இருக்கு. நீ கத்தின பிறகும் எனக்கு அந்த ம்-ல தப்புத் தெரியலை. இத்தனை வருஷத்துல உன்னை முழுசாக் கேட்டது இந்த ஒரு தடவை. அதுக்கு அந்த மனுஷன் தன் பேச்சைக் குடுத்திருப்பார்.

— நீ எடுத்துட்டேம்மா. சொன்னதும் எடுத்துட்டே.

— சொன்னதும் எடுக்கலை. ஒரு நிமிஷம் கேட்டேன். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காலையில காரணம் கேட்டியே, இப்ப சொல்றேன். உனக்குக் கை போதாதுன்னு நான் நினைச்சதே இல்ல. உன் கை என் கையைவிட நல்ல கை. ஆனா நீ இங்க வர்றது தலைக்காக இல்ல. எனக்காக. அவர் கேட்டதுக்கு நீயே பதில் சொல்லிட்டே. அப்படி வந்தா உன் ஒரு காது எப்பவும் என்கிட்டதான் இருக்கும். பாதிக் காதை வச்சுக்கிட்டு இந்த வேலை செய்ய முடியாது. இன்னைக்கு நான் செஞ்சேன், பாத்தியே.

— பாத்தேன்.

— அதனால சாயங்காலம் தோல்னு சொல்லிடு. அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வா. நானும் வர்றேன். வேலையைக் குறைச்சுக்கறேன். மேஜையில எதிர்ல உக்காந்து நீ சொல்றதைக் கேக்கறேன். கோடு போட மாட்டேன், சுவத்தைப் பாக்க மாட்டேன். இது சும்மா சொல்ற வார்த்தை இல்ல குட்டிம்மா.

— தெரியுது. நீ சும்மா சொல்ற ஆள் இல்ல.

— அப்ப?

— இதைக் கேக்கணும்னு எத்தனை வருஷம் ஏங்கியிருக்கேன் தெரியுமாம்மா? நீ சொல்லிட்டே. ஆனா நான் மூளைதான்னு சொல்லப் போறேன்.

— வீம்புக்குச் சொல்றே. என் மேல இருக்கிற கோபம்.

— கோபம் இல்ல.

— இல்லாமலா? அவருக்குப் பேச்சு நின்னப்ப, கை அசையுதான்னு கேட்டேன். பதில் இல்ல. மறுபடி கேட்டேன். இத்தனை பேருக்கு முன்னால குட்டிம்மான்னு கூப்பிட்டேன். மருந்து குடுக்கவா வேண்டாமான்னு கெஞ்சாத குறை. நீ திரும்பிக் கூடப் பாக்கலை. அந்த நேரத்துலயா என்கிட்ட உன் கோபத்தைக் காட்டுவே?

— எப்பம்மா கூப்பிட்டே?

— அவரோட எண்ணிக்கிட்டிருந்தியே, அப்ப.

— எனக்குக் கேக்கலைம்மா. அவருக்குப் பேச்சு திரும்பி வர்ற வரைக்கும், நீ இந்த ரூம்ல இருக்கிறதே எனக்கு ஞாபகம் இல்ல.